பிரிட்டனில் ஹெல்த் இன்சூரன்ஸ்: தம்பி கேட்ட கேள்வி

சித்தி மகன் அடுத்த மாதம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு லெஸ்டருக்கு வருகிறான். ஐந்து ஆண்டு வேலை விசா. போன வாரம் வாட்ஸ்அப்பில், "அக்கா, ஹெல்த் சர்சார்ஜ் மட்டும் 18,110 பவுண்டு வருது. இதுக்கு மேல தனியா ஹெல்த் இன்சூரன்ஸ் வேற எடுக்கணுமாக்கா?" என்று கேட்டிருந்தான். ஒரு வரியில் பதில் போட உட்கார்ந்தேன், முடியவில்லை. இரண்டு நாள் யோசித்துவிட்டு இங்கே எழுதுகிறேன். புதிதாக வருகிற எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள், நாங்களும் வந்த புதிதில் இதைத்தான் கேட்டோம், விஷயம் எங்களுக்குப் பிடிபட எட்டு வருடமும் ஓர் அறுவை சிகிச்சையும் ஆயின.

அவன் சொன்ன தொகை சரிதான், நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெல்த் சர்சார்ஜ் என்பது அரசின் பொது மருத்துவச் சேவையான என்எச்எஸ்ஸைப் பயன்படுத்த விசாவில் வருகிறவர்கள் கட்டும் பணம். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, பிள்ளைகளுக்கு 776, அதை ஐந்து ஆண்டுக்கும் சேர்த்து விசா விண்ணப்பத்தின்போதே கட்டிவிட வேண்டும். 2015-இல் இந்தச் சர்சார்ஜைக் கொண்டுவந்தபோது ஆளுக்கு 200 பவுண்டுதான், நாங்கள் அந்த ஆண்டின் கடைசியில் அதைக் கட்டிவிட்டுத்தான் வந்தோம். அப்புறம் 400, 624 என்று ஏறி, 2024 பிப்ரவரியில் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறது. இங்கே இறங்கிய பிறகு சம்பளத்தில் வருமான வரியும் நேஷனல் இன்சூரன்ஸும் மற்றவர்களைப் போலவே பிடிப்பார்கள். (நேஷனல் இன்சூரன்ஸ் என்ற பெயரைப் பார்த்து அதுதான் மருத்துவக் காப்பீடு என்று நினைக்கிறவர்கள் உண்டு. என்எச்எஸ்ஸுக்குப் பெரும்பகுதிப் பணம் பொது வரியிலிருந்து வருகிறது, இதிலிருந்து ஒரு பங்குதான் போகிறது.) ஆக அவன் இரண்டு முறை கொடுக்கிறான். மூன்றாவது முறையும் கொடுக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஊரில் நமக்கு இன்சூரன்ஸ் என்றால் ஒரு படம் மனதில் இருக்கிறது. கார்டு இருந்தால் தனியார் மருத்துவமனை, இல்லாவிட்டால் ஜி.எச். அந்தப் படத்தோடு பிரிட்டனைப் பார்த்தால் தப்பாகிவிடும். இங்கே தனியார் இன்சூரன்ஸ் என்பது என்எச்எஸ்ஸுக்குப் பதிலாக வாங்கும் பொருளே கிடையாது, அதன் மேல் வைத்துக் கட்டிய ஒரு சின்ன மாடி என்றுதான் சொல்ல வேண்டும், கீழே இருப்பது இடிந்தால் மாடியும் நிற்காது.

ஏன் அப்படி என்பதற்கு 1948-க்குப் போக வேண்டும். அந்த ஆண்டு ஜூலை 5 அன்று என்எச்எஸ் தொடங்கியது. அதைக் கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன், தெற்கு வேல்ஸில் ட்ரெடீகர் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளி மகனாகப் பிறந்து, 13 வயதில் தானும் சுரங்கத்தில் இறங்கியவர். அந்த ஊரில் தொழிலாளர்கள் வாரச் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள், டாக்டர், மருந்து, மருத்துவமனை எல்லாம் குடும்பத்துக்கே கிடைத்தது. அந்த ஊர் வைத்திருந்ததை நாடு முழுவதற்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர் செய்தது. பெரிய டாக்டர்கள் எதிர்த்தார்கள். அவர்களை உள்ளே கொண்டுவர, கன்சல்டன்ட்கள் எனப்படும் மூத்த நிபுணர்கள் என்எச்எஸ்ஸில் வேலை பார்த்துக்கொண்டே வெளியே காசு வாங்கிக்கொண்டும் பார்க்கலாம் என்று பெவன் ஒப்புக்கொண்டார். இன்றைக்கு நாம் பேசும் தனியார் மருத்துவம் அந்தக் கதவு வழியாகத்தான் நடக்கிறது. பூபா என்று எல்லோரும் சொல்லும் இன்சூரன்ஸ் நிறுவனம்கூட 1947-இல், என்எச்எஸ் வரப்போகிறது என்று தெரிந்த பிறகு, சின்னச் சின்னச் சேமநலச் சங்கங்கள் சேர்ந்து உருவானதுதான். இன்றும் நாட்டில் பத்தில் ஒருவர் என்ற அளவில்தான் இந்த இன்சூரன்ஸ் இருக்கிறது, அதிலும் பெரும்பாலோருக்குக் கம்பெனி எடுத்துக் கொடுத்தது.

சரி, அந்தப் பாலிசிக்குள் என்ன இருக்கிறது? 2023 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மதியம் முழுக்க நானும் என் கணவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து படித்தோம். எங்கள் கம்பெனி எனக்கு எடுத்துத் தருவதாகவும், கூடுதல் பணம் கட்டினால் வீட்டில் உள்ளவர்களையும் சேர்க்கலாம் என்றும் எச்ஆரிலிருந்து மெயில் வந்திருந்தது. வெளியிலும் ஒரு புரோக்கரிடம் விலை கேட்டோம், நால்வருக்கும் சேர்த்து மாதம் 158 பவுண்டு என்றார், அரசாங்கத்துக்குப் போகும் 12 சதவீத வரியும் அதில் அடக்கம். விலையை விட, எதற்கெல்லாம் கிடையாது என்ற பட்டியல்தான் எங்களை உட்கார வைத்துவிட்டது. அவசர சிகிச்சை கிடையாது. சாதாரணப் பிரசவம் கிடையாது. நாள்பட்ட நோய் எதுவும் கிடையாது, அதாவது ஒருமுறை வைத்தியம் பார்த்தால் சரியாகிவிடும் என்கிற கோளாறுகளுக்கு மட்டும்தான். அவருக்குச் சர்க்கரை நோய். பெரியவனுக்கு ஆஸ்துமா. எங்கள் வீட்டில் டாக்டரிடம் போகிற காரணங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியிலேயே வெளியே போய்விட்டன.

அதே சமயம் அவருக்கு என்எச்எஸ்ஸில் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை, பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பது, கண்ணின் விழித்திரையைப் படம் எடுப்பது, எல்லாவற்றுக்கும் கடிதம் தானாக வருகிறது. சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பதால் மருந்துக்குக் காசு இல்லை, அதுவும் அவருடைய எல்லா மருந்துக்கும். மகனுக்கு 16 வயது ஆகும்வரை இன்ஹேலர் இலவசம், அதற்குப் பிறகு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனால் இங்கிலாந்தில் கட்டணம் உண்டு, ஏனென்றால் விலக்குப் பட்டியலில் ஆஸ்துமா இல்லை. அந்தப் பட்டியல் ரொம்பப் பழையது, அதை மாற்றாமல் வைத்திருப்பது அநியாயம் என்று இந்த இடத்தில் சொல்லிவிட்டுத்தான் போவேன். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் யாருக்குமே மருந்துக்குக் கட்டணம் இல்லை.

நம் ஆட்களுக்குச் சர்க்கரை சீக்கிரம் வருகிறது, 40 வயதில் வருகிறது. நமக்கு வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுவது ஜிபி என்கிற குடும்ப டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை, கண் பரிசோதனை. இவற்றில் எதையும் அந்த 158 பவுண்டு தொடுவதில்லை.

இனி என் கதை. 2022 நவம்பரில், ஒரு கல்யாண விருந்து முடிந்து வந்த ராத்திரி, வலது விலாவுக்குக் கீழே ஆரம்பித்து முதுகுக்குப் போகிற வலி. வாயு என்று நினைத்துச் சீரகத் தண்ணீர் குடித்தேன். ஜனவரியில் நான்காவது தடவை வந்தபோது காலை 8 மணிக்கு ஜிபிக்குப் போன் போட்டு, வரிசையில் 23-வது ஆளாகக் காத்திருந்து, அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன். பிப்ரவரியில் ஸ்கேன். பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சைத் துறைக்கு ரெஃபரல் போனது. முதல் சந்திப்புக்கே ஏழு மாதம் ஆகும் என்று கடிதம் வந்தது.

மார்ச் மாதச் சனிக்கிழமை நாங்கள் பாலிசி படிக்க உட்கார்ந்தது இதனால்தான். அங்கேதான் மொராட்டோரியம் என்ற வார்த்தையை முதல்முறை பார்த்தேன். கடந்த ஐந்து ஆண்டில் உனக்கு அறிகுறி இருந்திருந்தால், வைத்தியம் பார்த்திருந்தால், அந்தக் கோளாறுக்குப் பணம் தர மாட்டோம். பாலிசி எடுத்த பிறகு இரண்டு ஆண்டு முழுசாக அந்தத் தொந்தரவே இல்லாமல் இருந்தால் அப்புறம் பார்க்கலாம். பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டு வலியில்லாமல் இருப்பது யாருக்கு முடியும்? பெரிய கம்பெனிகள் சில, பழைய நோய்களையும் சேர்த்து எடுத்துக்கொள்கிற வகைப் பாலிசி வாங்கியிருக்கும், எங்களுடையது சின்னக் கம்பெனி, அது மொராட்டோரியம்தான். கையிலிருந்து பணம் கட்டிச் செய்தால் எவ்வளவு என்று ஒரு தனியார் மருத்துவமனையில் கேட்டேன், 7,200 பவுண்டு என்றார்கள். அவ்வளவு பணத்தை அப்போது எங்களால் எடுக்க முடியவில்லை.

ஜூனில் ஒரு ராத்திரி வலி நிற்கவில்லை, காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவான ஏ அண்ட் ஈக்குப் போனோம். அங்கே நாற்காலியில் 11 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், கையில் சலைன் ஊசி ஏற்றியது நாற்காலியில் வைத்துத்தான், எதிரே ஒரு வயதானவர் ஸ்ட்ரெச்சரில் நடைபாதை ஓரமாகக் கிடந்தார், அவர் மகள் நின்றுகொண்டே இருந்தாள். அந்த இரவை நான் மறக்க மாட்டேன், யாராவது என்எச்எஸ்ஸில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்ததுதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் விடிந்த பிறகு என்னைப் பார்த்த டாக்டரும், நான்கு நாள் வார்டில் இருந்தபோது ஆன்டிபயாடிக் ஏற்றிய நர்ஸ்களும் (ஒருவர் நாகர்கோவில்காரர், ராத்திரி டியூட்டியில் வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துத் தமிழில் பேசியபோது அழுதுவிட்டேன்) ஒரு குறையும் வைக்கவில்லை. வீட்டுக்கு வரும்போது ஒரு பைசா பில் இல்லை. இன்சூரன்ஸ் இருந்திருந்தாலும் அந்த ராத்திரி நான் போயிருக்க வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் பெரும்பாலான தனியார் மருத்துவமனைகளில் ஏ அண்ட் ஈ என்ற ஒன்றே கிடையாது, சிக்கலானால் அவர்களே ஆம்புலன்ஸில் என்எச்எஸ்ஸுக்குத்தான் அனுப்புகிறார்கள்.

பித்தப்பை இப்படி அழற்சியாகிவிட்டால் ஒரு வாரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்று இங்கே சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பின் வழிகாட்டுதல் இருக்கிறது. எனக்கு அது நடக்கவில்லை. ஆபரேஷன் தியேட்டர் காலி இல்லை, அவசரப் பட்டியலில் சேர்த்திருக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். ரெஃபரல் போன நாளிலிருந்து 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும், 100 பேரில் 92 பேருக்காவது அப்படி நடக்க வேண்டும் என்பது இங்கிலாந்தின் விதி, அது 2016-க்குப் பிறகு எட்டப்படவே இல்லை. நான் காத்திருந்த அந்த 2023 செப்டம்பரில்தான் இங்கிலாந்தில் காத்திருப்புப் பட்டியல் 77 லட்சத்தைத் தாண்டி உச்சத்துக்குப் போனது. வட அயர்லாந்தில் நிலைமை இன்னும் மோசம், அங்கே ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

எனக்கு வழி காட்டியது அலுவலகத்தில் ஒரு தோழி. "உனக்கு இடத்தைத் தேர்ந்தெடுக்கிற உரிமை இருக்கிறதே, கேட்டாயா?" என்றாள். எனக்குத் தெரியவே தெரியாது. இங்கிலாந்தில் ஜிபி ரெஃபரல் போடும்போதே எந்த மருத்துவமனை என்று நாம் தேர்ந்தெடுக்கலாம், என்எச்எஸ்ஸோடு ஒப்பந்தம் உள்ள தனியார் மருத்துவமனைகளும் அதில் அடக்கம். 18 வாரம் தாண்டிவிட்டால் வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லியும் கேட்கலாம். எந்த மருத்துவமனையில் எவ்வளவு காலம் ஆகிறது என்று மை பிளான்ட் கேர் என்ற தளத்தில் போட்டிருந்தார்கள். ஆகஸ்டில் கேட்டேன், மூன்று தடவை போன் போட வேண்டியிருந்தது, 40 நிமிட தூரத்தில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள், நவம்பரில் லேப்ராஸ்கோப்பியில் எடுத்தார்கள். 7,200 பவுண்டு கேட்ட அதே மாதிரி இடம், தனி அறை, ஜன்னலுக்கு வெளியே தோட்டம். கட்டியது என்எச்எஸ். அறுவை செய்த டாக்டர் வாரத்தில் மற்ற நாட்களில் எங்கள் ஊர் என்எச்எஸ் மருத்துவமனையில்தான் வேலை பார்க்கிறார்.

அப்படியானால் இன்சூரன்ஸ் வீணா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. என் டீமில் ஒருவருக்கு முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. கம்பெனி இன்சூரன்ஸில் ஒரு வாரத்தில் எம்ஆர்ஐ, நான்காவது வாரம் அறுவை, இரண்டு மாதத்தில் நடந்தே வேலைக்கு வந்தார். 38 வயது, முன்னால் எந்த நோயும் இல்லை. அவர் மாதிரி ஆளுக்காகத்தான் அந்தப் பாலிசி எழுதப்பட்டிருக்கிறது, ஜிபி ரெஃபரலுக்கும் அறுவை மேசைக்கும் நடுவில் உள்ள காலத்தை அது சுருக்கித் தருகிறது. அதற்கு மதிப்பு இருக்கிறது. ஓட்டுநராக இருக்கிறவர், தினக்கூலிக்குக் கிடங்கில் பெட்டி தூக்குகிறவர், முழங்காலோடு ஓராண்டு வீட்டில் உட்கார முடியாது. ஆனால் அந்த வேலைகளில் பெரும்பாலும் யாரும் இன்சூரன்ஸ் எடுத்துத் தருவதில்லை.

புற்றுநோய் பயம்தான் என்னை அதிகம் அசைக்கிறது. அவசர ரெஃபரலிலிருந்து 62 நாளுக்குள் 85 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது விதி, பல ஆண்டுகளாக அது நிறைவேறவில்லை. எங்கள் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவர். மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் நான் எத்தனை நாள் காத்திருக்கத் தயார்? இந்தக் கேள்விக்கு முன்னால் என் நியாயமெல்லாம் நிற்பதில்லை, அதை ஒளிக்க விரும்பவில்லை. கம்பெனி எனக்கு மட்டும் எடுத்துக் கொடுத்த பாலிசியை நான் வேண்டாம் என்று சொல்லாததற்கு இதுதான் காரணம். அது கம்பெனி தரும் சலுகை என்பதால் அதன் மதிப்புக்கு வரி பிடிக்கிறார்கள், ஆண்டுக்கு 140 பவுண்டு எனக்குப் போகிறது. குடும்பத்துக்கு வெளியில் வாங்கவில்லை. அந்த 158 பவுண்டைத் தனிக் கணக்கில் போட்டுக்கொண்டு வருகிறோம், நான்கு ஆண்டில் என் அறுவைக்குக் கேட்ட தொகை அங்கே சேர்ந்துவிடும், அதை எந்த நோய்க்கும் எடுக்கலாம், யாரும் மொராட்டோரியம் கேட்க மாட்டார்கள். பாலிசி என்றால் வயது ஏற ஏற, க்ளெய்ம் செய்யச் செய்ய, கட்டணமும் ஏறும்.

அதனால் தம்பி, உனக்கு இதைத்தான் சொல்வேன். வந்த முதல் வாரமே வீட்டு முகவரியை வைத்து ஜிபியில் நால்வரையும் பதிவு செய், நோய் வரட்டும் என்று காத்திருக்காதே. என்எச்எஸ் ஆப்பை இறக்கிக்கொள். மாதம் இரண்டு மருந்து வாங்குவதாக இருந்தால் 2024 மே முதல் ஒன்றுக்கு 9.90 பவுண்டு, அதற்குப் பதில் ஆண்டுக்கு 114.50 கட்டி முன்பணச் சான்றிதழ் வாங்கினால் போதும். கம்பெனி இன்சூரன்ஸ் தந்தால் வாங்கிக்கொள், ஆனால் பழைய நோய்கள் சேருமா என்று எச்ஆரிடம் எழுத்தில் கேள், வெளிநோயாளிச் செலவுக்கு உச்சவரம்பு எவ்வளவு, எக்ஸஸ், அதாவது நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கு, எவ்வளவு, ஆறு வாரத்துக்குள் என்எச்எஸ்ஸில் கிடைத்தால் அங்கேதான் போக வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா, இதையும் கேள். உன் மனைவிக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு இருக்கிறது, அதற்கு எந்தப் பாலிசியும் மாத்திரை வாங்கித் தராது, என்எச்எஸ் தரும், அதுவும் இலவசமாக. சித்தியும் சித்தப்பாவும் பார்க்க வரும்போது மட்டும் டிராவல் இன்சூரன்ஸ் இல்லாமல் விமானம் ஏற்றாதே. அவர்கள் இங்கே வசிப்பவர்கள் இல்லை, ஏ அண்ட் ஈயில் பார்ப்பது இலவசம்தான், ஆனால் வார்டில் சேர்த்துவிட்டால் என்எச்எஸ்ஸின் சொந்தக் கட்டணத்தைப் போல ஒன்றரை மடங்கு பில் வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஜூனில் வார்டில் என் பக்கத்துப் படுக்கையில் பார்படாஸில் பிறந்து இளம் வயதில் இங்கே வந்த ஒரு பாட்டி இருந்தார், பள்ளிச் சமையலறையில் 30 வருடம் வேலை பார்த்தவர். அவருக்கும் பித்தப்பைதான். எனக்கு இடம் மாற்றிக் கிடைத்ததும் அவருக்குப் போன் போட்டு, நீங்களும் கேளுங்கள் என்றேன். கேட்டிருக்கிறார். அந்தத் தனியார் மருத்துவமனை அவரை எடுத்துக்கொள்ளவில்லை. இதய நோய் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது, எங்களிடம் தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மற்றபடி உடம்பு நன்றாக இருந்த நான் தோட்டம் பார்த்த அறையில் படுத்துவிட்டு வந்தேன், அவர் பழைய வரிசையிலேயே நின்றார். அவருக்கு 2024 ஏப்ரலில்தான் தேதி வந்தது, அதற்குள் இரண்டு முறை ஏ அண்ட் ஈக்குப் போய்வந்துவிட்டார். அறுவை முடிந்த மறுநாள் போன் செய்தேன். வார்டில் எல்லோரும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள், சாப்பாட்டில்தான் உப்பில்லை என்றார்.